எண்ணெய்க் கிண்ணம் எவர் கையில்?

சாகக் கிடப்பவன் நெற்றியில் எண்ணெய் பூசும் சடங்குக்கு நம் நாட்டுக் கத்தோலிக்கர் இட்டு வழங்கிய பெயர் 'அவஸ்தைப் பூசுதல்'. இன்று அப்பெயர் அருகிவிட்டது, 'நோயில்பூசுதல்' என்கின்றனர். பெயர்தானே மாறியது, இதிலென்ன பெரிய செய்தி இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள், தோழர்களே! அந்தப் பெயருக்குள் ஆயிரம் ஆண்டு வரலாறு அடைபட்டுக் கிடக்கிறது. நோயாளி எழுந்து நடக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய செயல், அவன் இனி எழமாட்டான் என்று உறுதியான பிறகு செய்யும் செயலாக மாறியது எப்படி? மாற்றியவர் எவர்? மாற்றத்தால் மேடையேறியவர் எவர்?

மூலத்தைப் பார்ப்போம். யாக்கோபின் நிருபம், ஐந்தாம் அதிகாரம். உங்களில் ஒருவன் நோயுற்றால் சபையின் மூப்பரை அழைக்கட்டும். அவர்கள் எண்ணெய் பூசி வேண்டுதல் செய்யட்டும். நோயாளி எழுப்பப்படுவான் — இதுவே அங்குள்ள கருத்து. மூப்பர் என்றால் யார்? கிரேக்க மூலத்திலுள்ள சொல்லுக்கு முதியவர் என்பதே பொருள். ஊர்ப் பெரியவர் நாலுபேர் வந்து, நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து, எண்ணெய் தடவி, நல்ல சொல் சொல்லிப் போவது போன்ற காட்சிதான் அது. அடுத்த வரியிலேயே, ஒருவர்க்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்றும் வருகிறது. ஒருவர்க்கொருவர்! இடையிலே எந்த இடைத்தரகனும் இல்லை.

416-ஆம் ஆண்டில் ரோமாபுரிப் போப்பாண்டவர் முதலாம் இன்னொசெந்து, தெசெந்தியு என்னும் ஆயருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. எண்ணெயை மந்திரிப்பவர் ஆயர். ஆனால் மந்திரித்த எண்ணெயைத் தனக்கோ தன் வீட்டாருக்கோ பூசிக்கொள்ளக் கிறித்தவர் அனைவருக்கும் உரிமையுண்டு என்று அதிலே எழுதியிருக்கிறார். போப்பாண்டவரே ஒப்புக்கொண்ட உரிமை அது. தாய் தன் பிள்ளைக்குப் பூசலாம், மனைவி தன் கணவனுக்குப் பூசலாம்.

அந்த உரிமை எங்கே போயிற்று? ஒன்பதாம் நூற்றாண்டில், சார்லமேன் மரபினரின் ஆட்சியிலே நடந்த சீர்திருத்தங்களின்போது, எண்ணெய் குருமாரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பாவமன்னிப்போடு அதைப் பிணைத்தார்கள். பிணைத்தபின் அது மரணத் தறுவாயை நோக்கி நகர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீட்டர் லொம்பார்டு ஏழு அருட்சாதனங்களை அடுக்கி எழுதியபோது, இதற்குக் 'கடைசிப் பூசுதல்' என்றே பெயர் வந்துவிட்டது. 1551-இல் திரெந்து சங்கம் கதவை இறுகச் சாத்தியது: யாக்கோபு சொன்ன மூப்பர் வயதில் மூத்தவரல்லர், ஆயர் கைவைத்துப் பட்டம் கொடுத்த குருக்களே என்று விதித்து, மறுப்போரைச் சபித்தது. அகராதியை அதிகாரம் திருத்தியது. என் மாணவன் ஒரு சொல்லுக்கு இப்படிப் பொருளெழுதினால் மதிப்பெண் போடமாட்டேன்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், பன்னிரண்டாம் அதிகாரத்தில், சபையின் பணிகளை வரிசைப்படுத்துகிறார். முதலில் அப்போஸ்தலர், இரண்டாவது தீர்க்கதரிசிகள், மூன்றாவது ஆசிரியர்கள். (மூன்றாமிடத்திலேனும் நம்மை வைத்தாரே, வாழ்க!) அதன் பிறகுதான் அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள், உதவி செய்தல், நிருவாகம். நிருவாகத்துக்குக் கடைசிக்கு முந்திய இடம். ஆயர் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. குரு என்ற பெயரும் இல்லை. குணமாக்கும் வரம் என்பது தையற்காரனுக்குக் கிடைத்தாலும் கிடைக்கும், தண்ணீர் சுமப்பவளுக்குக் கிடைத்தாலும் கிடைக்கும் என்பதே அவர்களுடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை மெய்யா என்பது வேறு வினா. நான் மெய்யென்று ஏற்கவில்லை. ஆயினும், 'அப்போஸ்தல மரபு' என்னும் பழைய ஒழுங்குநூலிலே உள்ள விதியொன்று என்னை வியக்க வைத்தது. எனக்குக் குணமாக்கும் வரம் வெளிப்பட்டது என்று ஒருவன் வந்து சொன்னால், அவனுக்குக் கைவைத்துப் பட்டமளிக்க வேண்டா. அவன் சொல்வது உண்மையா என்பதை நடப்பே காட்டிவிடும் என்கிறது அந்நூல். நடப்பே காட்டும்! இதைவிடத் தெளிவாக ஒரு பகுத்தறிவாளன் என்ன சொல்லிவிடப் போகிறான்? அந்த ஒரு விதியை மட்டும் திருச்சபை விடாமல் காத்திருந்தால், பின்வந்த பல கொடுமைகளுக்கு இடமிருந்திராது.

காக்கவில்லை. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இரண்டு விதிகள் செய்தது. ஒன்று, குருமார் கத்தி வைத்து அறுக்கும் வைத்தியம் செய்யலாகாது என்பது. மற்றொன்று, நோயாளியிடம் அழைக்கப்படும் வைத்தியன், உடலைத் தொடுமுன் ஆன்ம வைத்தியரை அழைக்கும்படி சொல்லியாக வேண்டும், மீறினால் கோவில் வாயில் அவனுக்கு அடைக்கப்படும் என்பது. காரணமும் காட்டினார்கள்: உடல் நோய் சில வேளை பாவத்தினால் வருகிறதாம்! இரத்தம் தோய்ந்த வேலை வேண்டாம். ஆனால் அந்த வேலை செய்பவனுக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். இதை ஊழியம் என்பதா, உத்தியோகம் என்பதா?

நோய்க்குக் காரணம் பாவம் என்பதைக் கேட்டதும் நமக்கு ஒரு பழகிய குரல் காதில் விழுகிறதல்லவா? முன்வினை, கர்மம், தலையெழுத்து என்று இங்கே கேட்ட குரல்தான் அது. உடுப்பு மட்டும் வேறு. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவரா என்று கேட்க, இருவரும் அல்லர் என்று ஏசு மறுத்தார். தலைவர் மறுத்ததைச் சங்கம் கூடி நிலைநாட்டியது!

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. என் வகுப்பில் ஒரு மாணவனுக்கு வலிப்பு நோய். மாத்திரையால் அடங்கியிருந்தது. சுகமளிக்கும் கூட்டமொன்றுக்கு அவனை அழைத்துப் போனார்கள், குணமாகிவிட்டதென்று மேடையில் அறிவிக்கப்பட்டது, மாத்திரை நின்றது. மூன்றாவது வாரம், கணக்குப் பாடத்தின் நடுவே விழுந்தான். உதடு கிழிந்து இரத்தம். அவன் தாய் கூட்டத்தாரிடம் போய்க் கேட்டபோது கிடைத்த விடை, "வீட்டில் விசுவாசம் போதவில்லை" என்பது. நோயைக் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நோயோடு குற்றவுணர்வையும் சேர்த்து அந்தத் தாயின் தலையில் ஏற்றினார்களே, அதைத்தான் கேட்கிறேன். குணமானால் புகழ் ஊழியருக்கு, குணமாகாவிட்டால் பழி நோயாளிக்கு என்ற இந்தக் கணக்கில் ஊழியர் தோற்கவே வழியில்லை.

சீர்திருத்தக்காரர் இதைக் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். லூத்தர் 1520-இலேயே இந்தப் பூசுதல் அருட்சாதனமன்று என்று எழுதினார். கல்வின், குணமாக்கும் வரம் மறைந்து நெடுநாளாயிற்று, இப்போது நடப்பது கூத்து என்றார். ஆனால் அவர்கள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தெறிந்தார்களே தவிர, பிரசங்க பீடத்தின் உயரத்தைக் குறைக்கவில்லை.

குறைத்தவர்கள் 1906-இல் வந்தார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், அசூசா தெருவில், பழைய கட்டடம் ஒன்றில், வில்லியம் சேமூர் என்ற கருப்பர் கூட்டம் நடத்தினார். அவருடைய பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். வெள்ளையரும் கருப்பரும் ஒரே தரையில் மண்டியிட்டனர், பெண்கள் போதித்தனர், நோயாளி மீது எவர் வேண்டுமானாலும் கைவைத்து வேண்டினர். நிறவெறி கோலோச்சிய நாட்டிலே அது சிறு செயலன்று. அந்த அளவில் அதைப் பாராட்டவே செய்வேன். ஆனால் திறந்த கதவு திறந்தபடி நிற்கவில்லை. குருவின் அங்கி போன இடத்தில் ஒலிபெருக்கி வந்தது, பிறகு தொலைக்காட்சி வந்தது. பீட்டர் பாப்பாஃப் என்ற சுகமளிப்பவர் கூட்டத்திலுள்ளோரின் பெயரையும் நோயையும் தெய்வ வெளிப்பாடுபோல் சொல்லி மயக்கினார். 1986-இல் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியும் அவர் துணைவரும் வானொலிக் கருவி கொண்டு ஒட்டுக்கேட்டபோது, அந்த வெளிப்பாடு பாப்பாஃபின் மனைவி குரலில், அவர் காதிலிருந்த சிறு கருவி வழியே வந்துகொண்டிருந்தது! மறு ஆண்டு அவர் திவால் ஆனார். பின்னர் மீண்டும் தொலைக்காட்சிக்கே வந்துவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏமாற்றுக்காரரை விட்டுவிடுவோம், உண்மையாக உருகி வேண்டினால்? அதையும் அளந்து பார்த்தார்கள். ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இருதய அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். தமக்காக வேண்டுதல் நடப்பதை உறுதியாக அறியாதவர்களுள் 52 விழுக்காட்டினர்க்குச் சிக்கல் நேர்ந்தது. வேண்டுதலே நடவாதவர்களுள் 51 விழுக்காடு. வேண்டுகிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களுள்ளோ 59 விழுக்காடு! பழைய ஒழுங்குநூல் சொன்னபடி, நடப்புக் காட்டியது.

அப்படியானால் திருச்சபை எவரையும் குணமாக்கவே இல்லையா? குணமாக்கியது, தோழர்களே, நன்றாகவே குணமாக்கியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரியில் மருத்துவமனை கண்டவர் ஃபபியோலா என்ற பெண். நாற்றமெடுக்கும் புண்களைத் தம் கையால் கழுவினார் என்று ஜெரோம் பதிந்திருக்கிறார். 1836-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பெண் ஊழியர்க்கு நோயாளர் பணியைப் பயிற்றும் இல்லம் எழுந்தது. 1851-இல் அங்கே போய்ப் பயின்றவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். நம் வேலூரில் 1900-இல் மருந்தகத்தோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தவர் ஐடா ஸ்கடர். பிள்ளைப்பேற்றில் பெண்கள் மருத்துவமின்றி மாண்ட கொடுமையைக் கண்டு மருத்துவம் படிக்கப் போனவர் அவர். இவர்களுள் எவருக்கும் குருப்பட்டம் கிடையாது. ஆயினும் ஊரார் பிழைத்தது இவர்கள் கையில்தான்.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கடைசிப் பூசுதல் என்பதைவிட நோயில்பூசுதல் என்பதே பொருத்தம் என்றது. 1972-இல் ஆறாம் பவுல் சடங்கைத் திருத்தி, ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்றார். எண்ணெய் மாறலாம், பெயர் மாறலாம், கை மாறலாகாது! 2005-இல் வத்திக்கான் மீண்டும் அறிவித்தது: பூசும் உரிமை ஆயருக்கும் குருவுக்கும் மட்டுமே, தியாக்கோனுக்கும் இல்லை, பொதுநிலையினருக்கும் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து, சளி துடைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்திட்டு, நாடி பார்த்துக் கொண்டிருக்கும் கன்னியாஸ்திரி, விடியற்காலையில் குரு கிண்ணத்தோடு உள்ளே வரும்போது எழுந்து ஒதுங்கி நின்று அவருக்கு இடம் விடுகிறாள்.