தீர்ப்புக்குள் நம்ம ஆள் எங்கே?

நீதிமன்றத் தீர்ப்பையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். 2024 அக்டோபர் 3ஆம் தேதி சுகன்யா சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பை அப்படித்தான் வாசித்தேன்.

சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கிறார்கள் என்று 2020இல் எழுதிய பத்திரிகையாளர் அவர். பல மாநிலச் சிறை விதிகளைத் தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. மேற்கு வங்க விதியில் கூட்டுகிறவன் மேத்தர், ஹாரி சாதிக்காரனாக இருக்கணும். உத்தரப் பிரதேச விதியில், வெறுங்காவல் கைதிக்கு இழிவான வேலை கொடுக்கக் கூடாது. அந்த வேலை செய்து பழகிய சாதிக்காரனாக இருந்தால் கொடுக்கலாம். பழகியவனாம்! எவன் பழக்கினான் என்று விதி எழுதினவன் எழுதவில்லை. மேச்சேரியில் சாக்கடை அடைச்சுக்கிட்டா எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவாங்க என்று தெரிந்தவர்களுக்கு இந்த வார்த்தை புதுசில்லை.

இந்தத் தீர்ப்பில் நாம் நின்று வாசிக்க வேண்டிய இடம் பாளையங்கோட்டை. அங்குள்ள மத்திய சிறையில் சாதிவாரியாகப் பிளாக் ஒதுக்குவதை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். சேர்த்து வைத்தால் சாதிச் சண்டை வரும் என்றது அரசு. 2014இல் நீதிமன்றம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. தனிக்குவளைக்கும் தனிச் சுடுகாட்டுக்கும் ஊர்க்காரன் சொல்கிற காரணமும் இதுதானே! 'ஒண்ணா இருந்தா வம்பு வரும்ப்பா.' பத்து வருசம் கழித்து அதே வாதத்தை உச்சநீதிமன்றம் தள்ளியது. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்காகச் சாதி பிரிக்காதே என்றது. அமெரிக்காவில் கறுப்பர்களைப் பிரித்து வைத்துவிட்டு 'தனி, ஆனால் சமம்' என்ற கதையையும் நினைவுபடுத்தியது. 14, 15, 17, 21 எல்லாப் பிரிவும் 2014லும் இருந்தவைதான்.

சேலம் மாவட்டத்துக்காரனுக்கு இது ஆச்சரியமில்லை. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 16ஆம் நாள், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறைக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். சட்டப் புத்தகம் வெளியே இருந்தது, துப்பாக்கி உள்ளே இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. பாளையங்கோட்டைக்காக வழக்குப் போட்டவர் வழக்கறிஞர். டெல்லியில் வழக்குப் போட்டவர் பத்திரிகையாளர். அவர்களை மதிக்கிறேன். ஆனால் கக்கூஸ் கழுவினவன் மனுதாரராக எங்கே வருகிறான்? 1979இல் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி, இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணய்யர் உள்ளிட்ட நீதிபதிகள் அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். பெரிய காரியம். கடிதம் எழுதத் தெரிந்தவன், எழுதினாலும் அது வெளியே போய்ச் சேரும் நிலையில் இருப்பவன், நம்ம ஆட்களில் எத்தனை பேர்?

சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை நீக்கு, மூன்று மாதத்தில் விதிகளைத் திருத்து என்கிறது 2024 தீர்ப்பு. நல்லது. ஆனால் ஊர்ப் பேர், தெருப் பேர் எழுத வேண்டிய இடம் இருக்கிறதே. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான். கட்டமே இல்லாவிட்டாலும், உள்ளே வருகிற பையனிடம் வாயால் கேட்கலாம்: "எந்த ஊருடா? ஊருக்குள்ளயா, காலனியா?"