உலோகத்தில் இலையும் பறவையும்

இயற்கையை உலோக அறைகலனில் ஏற்றுவோர் அதனை எவ்வாறு நோக்குகின்றனர்? பிரெஞ்சுச் சிற்பி க்ளோத் லலான் (1925–2019) மெய்யான இலைகளைத் தாமிரக் கரைசலில் அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி, அவற்றின்மீது செம்பு படியச் செய்தார். இவ் சான் லோரானின் பாரிஸ் இல்லத்துக்காக 1974 முதல் 1985 வரை அவர் சமைத்த 15 கண்ணாடிகளில் கிளையும் இலையும் படர்ந்திருக்கின்றன. அந்நுட்பத்தை நாம் வியக்கிறோம். ஆயினும் அங்கே இலையே முதன்மை. கண்ணாடி அதற்கு இடம்விட்டு நிற்கிறது.

கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திலுள்ள குர்ஸியின் நோக்கு வேறு. மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூனுக்காக ஹிஜ்ரி 728இல் (கி.பி. 1327–28) முஹம்மத் இப்னு சுன்குர் செய்த, வெள்ளி பதித்த அறுகோணப் பித்தளை மேசை அது. அதில் மலர்களோடு வாத்துகளும் உண்டு. கலாவூன் என்னும் பெயருக்கே வாத்து எனப் பொருள் கூறுவோர் உளர். எனினும் அப்பறவைகள் எழுத்துக்கும் கோண ஒழுங்குக்கும் அடங்கியே பறக்கின்றன.

இஸ்லாமியக் கலை உயிருருவங்களை அறவே அறியாது என்போர் இம்மேசையைக் காணட்டும். படைப்பைப் பிரதியெடுப்பதே அதனைப் போற்றுதல் என்போரும் காணட்டும். லலானின் செம்பு ஓர் இலையைக் காக்கிறது. இப்னு சுன்குரின் பித்தளையோ இலைகளையெல்லாம் ஆளும் நியதியை நினைவூட்டுகிறது. நம் இல்லங்களுக்கு அறைகலன் செய்வோர் கற்கவேண்டியது இரண்டாவதையே என்பது நம் துணிபு.