விண்கலத்திற்குத் துரு எங்கிருந்து வந்தது?

பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கிற்குத் துருப் பிடிப்பதில்லை. மழையில் போட்டாலும், உப்பு நீரில் ஊற வைத்தாலும், அதன் மேல் செந்நிறப் படலம் தோன்றாது. ஆயினும் இந்தப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களை ஒட்டி விண்கலங்களும் இயந்திரக் கவசங்களும் செய்பவர்கள், செய்து முடித்த பிறகு இன்னும் பல நாட்கள் உட்கார்ந்து அவற்றுக்குத் துரு ஏற்றுகிறார்கள். ஒட்டுவதற்கு ஒரு வாரம், துருவுக்கு ஒரு மாதம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் புதுமையன்று. துரு வண்ணமே இன்று குப்பிகளில் விற்பனையாகிறது.

இதனைக் கேலிக்குரிய வேலை என்று நான் கருதவில்லை. ஒரு சிறு பொருளைப் பெரிய பொருளாகவும், நேற்றுச் செய்ததை நூறாண்டுப் பழமை உடையதாகவும் கண்ணுக்குக் காட்டுவது அரிய கலை. ஆனால் இம்மாதிரிகளின் படங்களைத் தொடர்ந்து பார்த்து வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. விண்வெளியில் காற்று இல்லை, நீரும் இல்லை. அப்படியிருக்க, இந்தக் கலங்களுக்குத் துரு எங்கிருந்து வந்தது?

விஞ்ஞானக் கதைக் கலங்கள் எப்போதும் இப்படி அழுக்காக இருந்ததில்லை. 1968-இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற திரைப்படத்தில் 'டிஸ்கவரி' என்ற கலம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்காகச் செய்த பெரிய மாதிரி சுமார் 16 மீட்டர் நீளமுடையது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் புத்தம் புதிய எதிர்காலத்தை விரும்பவில்லை; பலர் கையில் அடிபட்டு, பழுது பார்க்கப்பட்டு, எண்ணெய் வழியும் எதிர்காலத்தை விரும்பினார். கலிபோர்னியாவில் அவர் அமைத்த 'இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்' பட்டறையில், கடையில் விற்கும் டாங்கி, போர் விமானம், கப்பல் ஆகியவற்றின் மாதிரிப் பெட்டிகளை வாங்கி, அவற்றின் சில்லறைப் பாகங்களை எடுத்துக் கலங்களின் மேல் ஒட்டினார்கள். பிறகு கறையும் புகையும் கீறலும் தீட்டினார்கள். கண் ஓய்வதற்கு இடமின்றி மேற்பரப்பில் நுணுக்கங்கள் நிறைந்திருந்ததால், மேசையளவுப் பொருள் மலையளவாகத் தோன்றியது. இன்றைய துருக் கலையின் மூலம் இதுவே எனலாம்.

ஆனால் அந்தப் பட்டறையினர் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். எல்லாக் கலங்களையும் அவர்கள் ஒரே மாதிரி அழுக்காக்கவில்லை. கோள்களில் இறங்கி ஏறும் சரக்குக் கலமான 'மில்லேனியம் ஃபால்கன்' மீது கறைகள் ஏராளம். எங்கும் தரையிறங்காத 'ஸ்டார் டிஸ்ட்ராயர்' என்ற ராட்சதப் போர்க்கலமோ ஏறக்குறையச் சுத்தமான சாம்பல் நிறத்தில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் பலர் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, அழுக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

துரு என்றால் என்ன? பள்ளிச் சோதனையை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். மூன்று சோதனைக் குழாய்கள், மூன்று ஆணிகள். ஒன்றில் சாதாரண நீர். இன்னொன்றில் கொதிக்க வைத்துக் காற்று நீக்கிய நீர், மேலே எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. முதல் குழாயின் ஆணி மட்டுமே துருப் பிடிக்கிறது. ஆக்ஸிஜன், நீர் இரண்டும் சேர்ந்தால்தான் துரு. ஒன்று குறைந்தாலும் இல்லை. இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. நீரில் கரைந்த ஆக்ஸிஜன் அவற்றை ஏற்கிறது. முடிவில் நீரேறிய இரும்பு ஆக்ஸைடு உண்டாகிறது. நீரில் உப்பு கலந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகி, வேலை விரைவாக நடக்கிறது.

இதிலிருந்து, மாதிரி செய்பவருக்குப் பயன்படும் சில செய்திகள் கிடைக்கின்றன. துரு எங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை. நீர் தங்கும் இடத்தில் தொடங்குகிறது: தகடுகளின் இணைப்பு, ஆணித்தலையின் அடி, பற்றவைத்த தழும்பு, கீழ் விளிம்பு. வண்ணம் பெயர்ந்த இடத்தில் தொடங்கி, சுற்றியுள்ள வண்ணத்துக்கு அடியில் ஊர்ந்து செல்கிறது. புதிய துரு பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். பழகிய துரு கருமை கலந்த பழுப்பு. அங்கிருந்து மழை நீர் கழுவிக் கொண்டு வரும் கறை கீழ்நோக்கி ஒழுகி, போகப் போக மங்குகிறது. வீட்டு இரும்புக் கதவு ஒன்றைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் இவை அனைத்தையும் காணலாம். எந்தக் கையேடும் தேவையில்லை.

கீழ்நோக்கி ஒழுகுகிறது என்றேன். விண்வெளியில் கீழ் எது? படங்களில் நான் அடிக்கடி காணும் பிழை இதுதான். ஒருபோதும் தரை தொடாத கலத்தின் பக்கச் சுவரில், மேலிருந்து கீழாக, சீரான இடைவெளியில் துருக் கோடுகள்! மழை பெய்யாத இடத்தில் மழைக் கறை. செய்தவர் தம் கலத்தை ஒரு தாங்கியில் நிறுத்தி வைத்திருக்கிறார். அந்தத் தாங்கிக்கு எது கீழோ அதுவே கலத்துக்கும் கீழ் என்று கை பழகிவிட்டது.

அளவு பற்றிய பிழை இதைவிட மோசம். ஸ்டார் டிஸ்ட்ராயர் கதையின்படி 1,600 மீட்டர் நீளமுடையது. பண்டாய் என்னும் ஜப்பானிய நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மாதிரி அதில் 5,000-இல் ஒரு பங்கு. எனவே நீளம் சுமார் 32 செ.மீ. இந்த அளவில் 1 மி.மீ. என்பது உண்மையில் 5 மீட்டர். கடற்பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒரு மி.மீ. அகலத்தில் வண்ணம் பெயர்ந்தது போல் காட்டினால், அங்கே ஒரு வீட்டுக் கூடத்தின் அளவு வண்ணம் உதிர்ந்துவிட்டது என்று பொருள். 72-இல் ஒரு பங்கு மாதிரியில் அதே புள்ளி சுமார் 7 செ.மீ.; நம்பலாம். 20-இல் ஒரு பங்கில் 2 செ.மீ.; மிக இயல்பு. ஒரே கைவேலை ஓரிடத்தில் உண்மை, வேறோரிடத்தில் அபத்தம். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த எவரும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் தூரிகையை எடுக்குமுன் கணக்கிடுபவர் அரிது என்று படங்களைப் பார்த்தால் தோன்றுகிறது.

வண்ணம் பெயர்ந்த தோற்றத்தை உண்டாக்கும் முறைகளில் இரண்டு புகழ் பெற்றவை. ஒன்று உப்பு முறை. முதலில் துரு நிறம் பூசி, உலர்ந்ததும் நீரால் நனைத்து, உப்புத் தூளைத் தூவி, அதன் மேல் வெளி வண்ணத்தைத் தெளிக்கிறார்கள். காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், அடியிலுள்ள துரு நிறம் திட்டுத் திட்டாக வெளிப்படுகிறது. (உண்மையான இரும்பை அரிக்கத் துணை நிற்கும் உப்பே, அரிக்க முடியாத பிளாஸ்டிக்கிலும் துருவுக்குத் துணை வருவது வேடிக்கைதான்.) மற்றொன்று, துரு நிறத்துக்கும் வெளி வண்ணத்துக்கும் நடுவே கூந்தலுக்குத் தெளிக்கும் ஹேர் ஸ்பிரேயை ஒரு படலமாகத் தெளிப்பது. மேலே ஈரத் தூரிகையால் தேய்த்தால் அந்தப் படலம் கரைந்து, வெளி வண்ணம் செதிலாகப் பெயர்கிறது. என் மதிப்பில் இரண்டாவதே மேல். உப்பு தன் விருப்பப்படி விழுகிறது; ஸ்பிரே முறையில் எங்கே தேய்ப்பது என்று செய்பவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தீர்மானிக்க நேரும்போதுதான் 'இங்கே ஏன்?' என்ற கேள்வியும் வருகிறது. தவிர, 0.3 மி.மீ. உப்புத் துகள் 5,000-இல் ஒரு பங்கு மாதிரியில் ஒன்றரை மீட்டர்!

துருவுக்கு முழு நியாயம் உள்ள மாதிரிகளும் உண்டு. ஸ்டார் வார்ஸில் பாலைவனத்தில் ஊர்ந்து செல்லும் 'சாண்ட்கிராலர்' என்ற பெரும் வண்டி அவற்றில் ஒன்று. பாலைவனத்தில் துருவா என்று கேட்கலாம். கதையிலேயே விடை இருக்கிறது: அந்தக் கோளில் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து நீராக்குவது குடியானவர் தொழில். எனவே காற்றில் ஈரம் உண்டு. துரு மெல்ல ஏறும். ஆனால் வண்டியின் சங்கிலிச் சக்கரங்களும் அடிப்பகுதியும் மணலில் உரசிப் பளபளக்க வேண்டுமே! அங்கும் மேல்தளத்தைப் போலவே தடித்த துருவைப் பூசி வைப்பவர்கள், மணல் தேய்க்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு, ஜப்பானியக் கலைஞர் கோ யோகோயாமா 1982-இல் 'ஹாபி ஜப்பான்' இதழில் தொடங்கிய வரிசை. இன்று 'மஷினென் கிரீகர்' என்று வழங்கப்படுகிறது. 29-ஆம் நூற்றாண்டில், இதே பூமியில் நடக்கும் போர். வீரர்கள் உடுத்திக் கொள்ளும் இயந்திரக் கவசங்கள். பெரும்பாலும் 20-இல் ஒரு பங்கு அளவு. நம் காற்று, நம் மழை, நம் சேறு. துருவுக்கு வேண்டிய அனைத்தும் இருக்கின்றன. மாதிரியின் அளவும் கைவேலைக்கு இசைகிறது. யோகோயாமாவின் வடிவங்களில் கனமும் உருட்சியும் இருப்பதால், வண்ணம் பெயர்ந்த விளிம்பு ஒவ்வொன்றும் கண்ணுக்கு எடை காட்டுகிறது.

இங்கும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். போரில் இருக்கும் கவசம் வேறு; கைவிடப்பட்ட கவசம் வேறு. ஆரஞ்சுப் படலம் சில நாட்களில் வந்துவிடும். அடுக்கடுக்காக உப்பித் தகடு அரிக்கும் துருவுக்கு ஆண்டுகள் வேண்டும். முழங்கால் மூட்டில் அப்படிப்பட்ட துருவைக் காட்டிவிட்டு, அதே கவசத்தை ஓடும் நிலையில் நிறுத்துகிறார்கள். அந்தக் கால் மடங்காது. உள்ளே இருக்கும் வீரனின் முகத்தை எவ்வளவு அழகாகத் தீட்டியிருந்தாலும், அவனால் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

அப்படியானால் விண்வெளியில் திரியும் கலம் என்றும் புதிதாகவே இருக்குமா? இல்லை. 1967 ஏப்ரலில் சந்திரனில் இறங்கிய சர்வேயர்-3 கலத்தின் காமிராவை, 1969 நவம்பரில் அப்போலோ-12 வீரர்கள் கழற்றிக் கொண்டு வந்தார்கள். அதன் வெள்ளை வண்ணம் கதிர்வீச்சாலும் தூசியாலும் பழுப்பேறியிருந்தது. தாழ்ந்த சுற்றுப் பாதைகளில் தனித்த ஆக்ஸிஜன் அணுக்கள் மோதி வெள்ளியைக் கருக்குகின்றன. பிளாஸ்டிக் படலங்களை அரிக்கின்றன. நுண்கற்கள் மோதிக் குழிகள் விழுகின்றன. மாதிரி செய்பவருக்கு இவையெல்லாம் வண்ணங்கள்தாமே! சந்திரனில் துருவின் உறவினரான ஹெமடைட் கூட உண்டு. சந்திரயான்-1 சுமந்து சென்ற அமெரிக்கக் கருவியின் அளவீடுகளிலிருந்து 2020-இல் இது தெரிய வந்தது. பூமியின் வாயு மண்டலத்திலிருந்து கசிந்த ஆக்ஸிஜனே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் நிறமாலைக் கருவி கொண்டு தேட வேண்டிய அளவே அது. தூரிகையால் தீட்டும் அளவு அன்று.

சரியான காரணத்தோடு அழுக்கேற்றிய கலம் சினிமாவிலேயே ஒன்று இருக்கிறது. 1984-இல் பீட்டர் ஹையம்ஸ் எடுத்த '2010' படத்தில், பழைய டிஸ்கவரி வியாழனின் துணைக்கோளான அயோவின் அருகே ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. வெள்ளையாக இருந்த கலம் மஞ்சளாகிவிட்டது: அயோவின் கந்தகத் தூசி. அயோவில் எரிமலைகள் இருப்பதை வாயேஜர்-1 கண்டது 1979-இல். ஐந்தே ஆண்டுகளில் அது ஒரு மாதிரியின் வண்ணமாகிவிட்டது. துரு நிறத்தின் ஒரு சொட்டும் இன்றி அந்தக் கலம் பழமையாகத் தெரிகிறது. டிஸ்கவரியின் மாதிரி செய்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளையையே தேர்ந்தெடுப்பது எனக்கு ஏமாற்றமே.

உண்மையான விண்கலம் ஒன்று துரு நிறத்தோடு திரும்பிய நிகழ்ச்சியும் அண்மையில் நடந்தது. ஸ்பேஸ்-எக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார்ஷிப்' கலத்தின் உடல், குரோமியம் கலந்த, எளிதில் துருவேறாத எஃகு. 2025 ஆகஸ்ட் 26-இல் நடந்த பத்தாவது சோதனைப் பறத்தலில் அது இந்துமாக் கடலில் இறங்கியபோது, வயிற்றுப் பக்கம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. வெப்பம் தாங்கும் பீங்கான் ஓடுகளுக்கிடையே சோதனைக்காகச் சில உலோக ஓடுகளைப் பதித்திருந்தார்கள். வாயு மண்டலத்தில் நுழைந்த வெப்பத்தில் அவை ஆக்ஸிஜனேற்றம் அடைந்தன என்று எலான் மஸ்க் விளக்கினார். கறை அந்தச் சில ஓடுகளோடு நிற்காமல், வயிற்றின் பெரும்பகுதியில் பரவியிருந்தது. மழையும் இல்லை, ஆண்டுகளும் இல்லை; சில நிமிட நெருப்புக் காற்றின் வேலை. இந்தக் கலத்தின் மாதிரியைச் செய்பவர், ஆரஞ்சு வண்ணத்தைத் தொட்ட தூரிகையைக் கீழ்நோக்கி இழுக்கக் கூடாது. காற்று போன வழியே இழுக்க வேண்டும்.