எடுத்து வைத்தவர் யார்?

கடிதக் கலை செத்துவிட்டது என்று யாராவது ஒருவர் சொல்லாத இலக்கியக் கூட்டம் இப்போது கிடையாது. கைபேசியில் தட்டி அனுப்பும் செய்தியில் இலக்கியம் ஏது; நாலு வார்த்தை, நடுவே ஒரு மஞ்சள் முகம், அவ்வளவுதானே என்கிறார்கள். நானும் ஒன்றிரண்டு மேடைகளில் அப்படிப் பேசியவன்தான். சென்ற மாதம் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும்படி ஆயிற்று.

எனக்குப் பழக்கமான பள்ளி ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், ஒரு நாள் காலையில் முகம் வாடி வந்து உட்கார்ந்தார். அவருடைய அக்கா காலமாகி இரண்டு வருஷமாகிறது. உயிரோடு இருந்தவரை தினமும் தம்பிக்கு வாட்ஸப்பில் எழுதிக்கொண்டிருந்தவள். ஆறு வருஷத்துப் பேச்சு. பிள்ளை புதுப் போன் வாங்கித் தந்தான். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொண்டார்கள். புதிய போனில் பேக்கப் என்னும் காப்புப் பிரதியை இறக்கிக்கொண்டிருந்தபோது வீட்டின் இணைய இணைப்பு பாதியில் அறுந்துவிட்டது. மனிதர் பதற்றத்தில் ‘ஸ்கிப்’ என்றிருந்த இடத்தைத் தொட்டுவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் அக்காவின் பெயரே இல்லை.

“அக்கா இன்னொரு தடவை போய்விட்டாள், சார்” என்றார்.

அந்தக் கணத்திலும் மீட்க வழி இருந்தது. செயலியை உடனே நீக்கிவிட்டு, மறுபடி ஏற்றி, அதே தொலைபேசி எண்ணையும் அதே கூகுள் கணக்கையும் கொடுத்திருந்தால் பழைய பிரதி திரும்பவும் எதிரே வந்து நின்றிருக்கும். அவர் அன்று பூராவும் புதிய போனில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இரவு வழக்கம்போல் காப்புப் பிரதி எழுதப்பட்டது. கூகுள் கணக்கில் இருப்பது ஒரே ஒரு பிரதிதான். புதியது வந்தால் பழையதன் மேல் எழுதிவிடும். ஒரு நாள் வணக்கங்கள், ஆறு வருஷத்து அக்காவின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. போனுக்குள்ளேயே நாள்தோறும் ஒரு பிரதி எழுதப்பட்டு, கடைசி ஏழு நாள் பிரதிகள் தங்கியிருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் போன் கடைக்குப் போய்விட்டதே! சேர்ப்பித்த செய்திகளை நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்வதும் இல்லை. பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்று ஒருவர் போனில் அழைத்தாராம்; ஆறு இலக்கக் குறி எண்ணை மட்டும் சொல்லச் சொன்னாராம். நல்ல வேளை, ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கணக்கே கைமாறிப் போயிருக்கும்.

இனி வழியில்லை என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது முத்தொள்ளாயிரம் நினைவுக்கு வந்தது.

அந்த நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பாடியவர் பெயரும் தெரியாது. பெயரில் தொள்ளாயிரம் இருக்கிறது. கையில் இருப்பதோ நூற்றுச் சொச்சம் பாடல்கள். அவையும் புறத்திரட்டு என்ற தொகை நூலில் யாரோ ஒரு ரசிகர் எடுத்துச் சேர்த்து வைத்ததால் தப்பியவை. தன் வீட்டில் தொலைந்தது பிறர் வீட்டில் கிடைக்கும் என்பது தமிழ் ஏடுகளின் சரித்திரம் சொல்லும் பாடம். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் ஒரே ஏட்டை நம்பவில்லை. பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தார்.

பேச்சுக்கும் இரண்டு வீடு உண்டு அல்லவா? “அக்காவின் போன் எங்கே?” என்று கேட்டேன். மதுரையில் அக்கா மகளிடம் இருந்தது. தாயின் எண்ணை விட மனமில்லாமல் அவளே வைத்துப் பழகுகிறாளாம். அந்த உரையாடலை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்து அனுப்பச் சொன்னோம். படங்கள் இல்லாமல் நாற்பதாயிரம் செய்திகள் வரை இப்படி எடுக்கலாம். மாலைக்குள் வந்துவிட்டது. அதைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, ஆசிரியர் என்னிடமே படிக்கக் கொடுத்தார்.

வாசகன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பகுதி உப்புச்சப்பில்லாதது. சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா, மழை உண்டா. கடிதம் எழுதுகிறவன் ஒரு நினைப்பை நாலு பக்கம் கட்டி இழுத்துப் போக வேண்டும். இங்கே எந்த நினைப்பும் மூன்றாவது வரியைத் தாண்டுவதில்லை. இந்தக் குறையை மறைத்துப் பேசுவது நியாயமல்ல.

ஆனால் கடிதத்தால் ஆகாத இரண்டு காரியங்கள் இதில் நடந்திருக்கின்றன. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதியவை ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாகியிருக்கின்றன. அதில் நாம் கேட்பது ஒரு குரலைத்தான். மறு குரலை ஊகித்துக்கொள்ள வேண்டும். இங்கே இரண்டு குரலும் இருக்கின்றன. இரண்டாவது, காலம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதியும் மணியும் நிற்கின்றன. பழைய வீட்டுக் கொல்லையில் அந்த வேப்பமரம் இருக்கிறதா என்று ஒரு நாள் இரவு அக்கா கேட்கிறாள். பதினோரு மணி நேரம் கழித்துத் தம்பி ஒரே வார்த்தை எழுதுகிறார்: வெட்டிவிட்டார்கள். பிறகு இரண்டு நாள் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் காலை, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள் அக்கா.

நாவலாசிரியனாகிய நான் அந்த இரண்டு நாட்களை இரண்டு பக்கம் வருணித்துக் கெடுத்திருப்பேன். ‘சாப்பிட்டாயா’வை அலுப்பாகப் படித்துக்கொண்டு வந்தவன், அந்த இடத்துக்கு வந்தபின் முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

ஆகையால் செத்தது கடிதக் கலை அல்ல. எடுத்து வைக்கும் பழக்கம்தான். புதுமைப்பித்தன் காலமானது 1948-ல். அவர் கடிதங்கள் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம், பெற்றவர் அவற்றைப் படித்தார், போற்றினார், பத்திரப்படுத்தினார் என்பதுதான். பேக்கப் எதையும் படிப்பதில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறது, எதுவும் அதற்கு முக்கியமில்லை. 2021 முதல் அந்தப் பிரதிக்குத் தனிப் பூட்டும் போடலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கடவுச்சொல்லோ அறுபத்துநாலு இலக்கச் சாவியோ தொலைந்தால் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. இயந்திரம் காக்கிறது என்ற தைரியத்தில் நாம் காப்பதை விட்டுவிட்டோம். நல்ல வரியை அடையாளம் கண்டு எடுத்து வைப்பது ரசிகன் வேலை. அதைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய முடியாது.

உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் இருக்கும்போதே வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பேச்சை எழுத்தாக இறக்கி, உட்கார்ந்து படித்து, பத்துப் பக்கமாவது பிரித்து வையுங்கள்.

ஆசிரியர் இப்போது ஒரு நோட்டில் பிரதி செய்துகொண்டிருக்கிறார். அந்தக் கோப்பில் படங்கள் இருந்த இடத்தில், படம் சேர்க்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே, அது என்ன படமாக இருந்தது என்பதை ஞாபகத்திலிருந்து எழுதுகிறார். சிலவற்றுக்கு மதுரைக்குப் போன் செய்து கேட்கிறார். இரண்டு பேருக்கும் நினைவில்லாத இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.