ஐந்தாவது ஆள்

போன மாதம் ஒரு ராத்திரி 'யூபா கவுண்டி ஐவர்' பற்றி வரிசையாக யூட்யூப் வீடியோக்கள் பார்த்தேன். பனிமூட்டம், பியானோ, 'அமெரிக்காவின் டியாட்லோவ்' என்ற பட்டம். எல்லாம் ஒரே அச்சு.

நடந்தது இது. 1978 பிப்ரவரி 24 அன்று கலிஃபோர்னியாவின் சிக்கோவில் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு ஐந்து பேர் காரில் வீடு திரும்பினார்கள். நால்வருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஒருவருக்கு மனச்சிதைவு. மறுநாள் அவர்களே ஆடவேண்டிய போட்டி இருந்தது. கார் கிடைத்தது வீட்டுப் பாதையில் அல்ல, பனி மூடிய மலைச்சாலையில். ஜூனில் நால்வரின் உடல் எச்சங்கள் கிடைத்தன. ஒருவர் வனத்துறை டிரெய்லருக்குள் பல வாரங்கள் உயிரோடு இருந்து மெலிந்து இறந்திருக்கிறார். பக்கத்திலேயே உணவு, எரிவாயு, தீக்குச்சி எல்லாம் இருந்தன.

"ஏன் தீ மூட்டல?" வீடியோக்காரர்களுக்கு இதுதான் மர்மம். நம்மைப் போல யோசிக்காதவனைப் பார்த்து, ஏன் நம்மைப் போல யோசிக்கலன்னு கேட்கிற கேள்வி அது.

அதே ஆண்டு ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட்டில் சிந்தியா கோர்னி எழுதிய கட்டுரையைப் படித்தபோது வித்தியாசம் புரிந்தது. அவர் குடும்பங்களிடம் போய்ப் பேசியிருக்கிறார். டிரெய்லரில் இறந்தவர், முன்பு ஒருமுறை வீட்டில் தீப்பிடித்து அறையின் கூரை எரிந்தபோதும், காலையில் வேலைக்குப் போகணுமே என்று கட்டிலைவிட்டு எழ மறுத்தவராம். இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த ஒரு தகவல் வழக்கைத் தீர்க்கவில்லை. ஆனால் புதிராக இருந்த ஒருவர் மனிதராகிவிடுகிறார். அவர் எதற்கு அனுமதி கேட்டுக் காத்திருந்திருப்பார் என்று நாம் யோசிக்கத் தொடங்குகிறோம்.

ஐந்தாவது ஆள்தான் மனச்சிதைவு உள்ளவர். அவருடைய ஷூ டிரெய்லரில் இருந்தது, அவர் இன்றுவரை கிடைக்கவில்லை. அதனாலேயே பல வீடியோக்களில் அவர்தான் வில்லன். "இவன்தான் ஏதோ பண்ணியிருக்கணும்" என்று ஒரு குரல் சொன்னபோது நிறுத்திவிட்டேன். பக்கத்து அறையில் என் சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அதே நோய்க்கு மாத்திரை போடுகிறவர். நாளைக்கு அவர் பஸ் மாறி ஏறி எங்கேயோ போய்விட்டால், அவர் கதையையும் இப்படித்தானே சொல்வார்கள்?

கிடைக்காமல் போனது குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. அவரும் அந்தப் பனியில் தொலைந்தவர்தான். தீராத வழக்கைத் தீராததாகவே எழுதத் தெரிவதும் எழுத்து நேர்மைதான். கோர்னிக்கு அது தெரிந்திருந்தது. பியானோ போடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.