எந்த மன்றத்துக்கு எந்த வினா?

தேர்தல் வருகிறதென்றால் நாட்காட்டிக்கு முன்பே சுவர்கள் பேசத் தொடங்கிவிடுகின்றன. சுவரொட்டி சிரிக்கிறது, ஒலிபெருக்கி முழங்குகிறது, துண்டறிக்கை வீடு தேடி வருகிறது. நூல்களைத் திறனாய்வோர் பலர் உளர். இலட்சக்கணக்கானோர் கையில் தவழும் இந்தத் துண்டறிக்கையைத் திறனாய்வார் யார்? நாம் செய்வோம் அப்பணியை.

நாடாளுமன்றத்துக்கு நிற்பவர் அதில் என்ன வாக்குறுதி தருகிறார்? தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பேருந்து நிழற்குடை! சட்டமன்றத்துக்கு நிற்பவரோ, விரைவு வண்டி நம் ஊரில் நின்று செல்லும் என்கிறார்! இரயில்வே மத்திய அரசின் பொறுப்பு. குடிநீர் மாநில அரசின் பொறுப்பு. தெருவிளக்கு ஊராட்சி, நகராட்சியின் பொறுப்பு. கேட்பவருக்கு இது தெரியவில்லை; தெரிந்தவரோ சொல்வதில்லை. சொல்லாததில் ஆதாயம் உண்டு. ஐந்தாண்டு கழித்து, "அது என் கையில் இல்லை" என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பலாமன்றோ?

அரசியல் சட்டம் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. அதன் ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. நாட்டுப் பாதுகாப்பு, இரயில்வே, அஞ்சல், வங்கி ஆகியவை நாடாளுமன்றத்துக்கு. காவல், பொதுச் சுகாதாரம், நிலம், வேளாண்மை ஆகியவை சட்டமன்றத்துக்கு. கல்வி, காடு, திருமணம், தொழிலாளர் நலம் ஆகியவை இரண்டுக்கும் பொது. பொது என்றதும் சமம் என்று எண்ணிவிடக் கூடாது. பொதுப் பட்டியலில் இரு சட்டங்கள் மோதினால், 254-ஆம் பிரிவின்படி மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமாயின் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும்.

இதற்குச் சான்று நம் வீட்டிலேயே இருக்கிறது. புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்களை 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் ஏற்கவில்லை. 1967-இல் நமது சட்டமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. 1968 சனவரியில் இசைவு கிடைத்தது. மணமக்கள் தலைநிமிர்ந்தனர். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரி 2021 செப்டம்பரிலும் நமது சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. இம்முறை இசைவு மறுக்கப்பட்டது. அச்செய்தி 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. முன்பு திறந்த கதவு, பின்பு திறக்கவில்லை. அப்படியிருக்க, நீட் பற்றிய வினாவைச் சட்டமன்ற வேட்பாளரிடம் மட்டும் கேட்டு, நாடாளுமன்ற வேட்பாளரை மாலையிட்டு வழியனுப்புவது எங்ஙனம் பொருந்தும்?

கல்வி பொதுப் பட்டியலுக்கு வந்த கதையையும் இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1976 வரை அது பெரிதும் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆம் திருத்தத்தின் வழி இடம் மாற்றப்பட்டது. இத்தகைய திருத்தத்துக்கு மாநிலச் சட்டமன்றங்களுள் பாதியேனும் ஒப்புதல் தர வேண்டும். அப்போது தமிழ்நாட்டுச் சட்டமன்றம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, சட்டமன்றமே இல்லை! 1976 சனவரி 31-இல் அது கலைக்கப்பட்டிருந்தது. நமது பிள்ளைகளின் கல்வி பற்றி முடிவெடுத்த நாளில் நமக்கென ஒரு மன்றம் இல்லை. மன்றத்தின் மதிப்பை இதைவிடத் தெளிவாக யார் உணர்த்த முடியும்?

"எங்கள் உறுப்பினர் நல்லவர், நம் இனத்தவர், இழவு வீட்டுக்கும் வருகிறார்" என்பாரும் உண்டு. இருக்கட்டும். அவர் எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார்? பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன; அதில் யார் எப்பக்கம் என்ற பதிவே இராது. 2020 செப்டம்பர் 20-இல் மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் அவ்வாறே நிறைவேறின. எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பை எதிர்க்கட்சியினர் கேட்டும் நடக்கவில்லை. உழவர்கள் ஓராண்டு போராடிய பின், 2021-இல் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. மேலும், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்கலாம். எனவே சாதியும் சிரிப்பும் அவையில் வாக்களிப்பதில்லை. கட்சியின் கொள்கையே வாக்களிக்கிறது. அதைக் கேளாமல் ஆளை மட்டும் பார்ப்பது அறிவுடைமையாகுமா?

நிழற்குடையில் பெயர் பொறித்துக்கொள்வோரைப் பற்றியும் ஒரு சொல். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அவர் வாக்களித்து நிறைவேற்றும் மத்திய வரவு செலவுத் திட்டமோ, 2025-26-இல் சுமார் 50 இலட்சம் கோடி ரூபாய்! ஐந்து கோடிக்குக் கணக்குக் கேட்கிறோம். ஐம்பது இலட்சம் கோடிக்கு வாய் திறவோம். நிழற்குடையின் நிழலில் மறைந்துபோவது இதுவே.

ஆகவே தோழர்களே, படிப்பகந்தோறும் மூன்று பட்டியல்களையும் எழுதி மாட்டுங்கள். துண்டறிக்கை கைக்கு வந்ததும், ஒவ்வொரு வாக்குறுதியும் எந்தப் பட்டியலில் இருக்கிறதெனக் குறியுங்கள். மன்றம் மாறிய வாக்குறுதியை அடித்துவிட்டு, எஞ்சியதைப் படியுங்கள். பிறகு வேட்பாளரிடம் கேளுங்கள்: "உம் மன்றத்துக்கு உரிய வேலை எது? அதில் உம் கட்சி எப்படி வாக்களித்தது? இனி எப்படி வாக்களிக்கும்?" விடை சொல்வோருக்கு வாக்கு, விழிப்போருக்கு வணக்கம்.