ஆறாவது அவென்யூ வித்வான்

கண் தெரியாத வித்வானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே அழத் தொடங்கிவிடுகிறது. ஆண்டவன் கண்ணைப் பறித்துக் காதைக் கொடுத்தான் என்று ஒரு வாக்கியம் போட்டுவிட்டால் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி. லூயி ஹார்டின் என்ற அமெரிக்கத் தாளக்காரர் விஷயத்தில் அழுகைக்குக்கூட இடமில்லாமல் போயிற்று. எழுதியவர்களில் பலர் அவருடைய உடுப்போடு நின்றுவிட்டார்கள்.

உடுப்பு அப்படி. கொம்பு வைத்த தலைச்சீரா, முழங்காலுக்குக் கீழே தொங்கும் அங்கி, கையில் ஈட்டி, மார்பு வரை தாடி. இந்தக் கோலத்தில் நியூயார்க்கில் ஆறாவது அவென்யூவில், ஐம்பத்து நாலாம் தெரு முனையில், ஆண்டுக்கணக்காக நின்றார். தாடியைப் பார்த்துவிட்டு ஏசுநாதர் மாதிரி இருக்கிறார் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொன்னதில் சலித்துப்போய்த்தான் பழைய நார்வே வீரன் வேஷத்துக்கு மாறினாராம். 1947 முதல் அவர் வைத்துக்கொண்ட பெயர் மூன்டாக். நிலாவைப் பார்த்து ஊளையிடும் நாய் ஒன்றை அவர் வளர்த்ததுண்டு; அதன் ஞாபகமாக வைத்த பெயர். ஊரெல்லாம் வேடிக்கை பார்த்த அந்தக் கோலத்தைப் பார்க்க முடியாதவர் அவர் ஒருவர்தான்.

நான் அவரை இசைத்தட்டில்தான் முதலில் கேட்டேன். படத்தைப் பார்த்தது பிறகு. அது ஒரு சௌகரியம் என்று இப்போது தோன்றுகிறது.

1916-ல் கான்ஸஸ் மாநிலத்தில் பிறந்தவர். தகப்பனார் பாதிரியார். ஐந்து வயதில் அட்டைப் பெட்டியைத் தட்டித் தாளம் போட்டார். வயோமிங்கில் இருந்த நாட்களில் தகப்பனார் அவரை அரபஹோ இந்தியர்களின் சூரிய நடனத்துக்கு அழைத்துப் போனார். அங்கே குலத் தலைவரின் மடியில் உட்கார்ந்து, எருமைத்தோல் முரசைத் தட்டிப் பார்த்தார். முதல் பாடம் அதுதான் என்று சொல்லலாம். 1932 ஜூலை 4-ம் தேதி, பதினாறு வயதில், ரயில் பாதையோரம் கிடந்த ஒரு வெடிக்குப்பி கையில் வெடித்துக் கண் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது என்னைப் போலக் கதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. சகோதரி ரூத் அவருக்குத் தினமும் புத்தகம் படித்துக் காட்டினாள். அதில் ஒன்று, ஜெஸ்ஸி ஃபாதர்கில் என்ற விக்டோரியா காலத்து அம்மாள் எழுதிய ‘தி ஃபர்ஸ்ட் வயலின்’. ஜெர்மன் நகரத்து வாத்தியக் கோஷ்டி, பூர்வோத்தரம் சொல்லாத வயலின் தலைவன், அவனிடம் மனத்தைப் பறிகொடுக்கும் ஆங்கிலப் பெண். இலக்கிய விமரிசகர்கள் இரண்டாம் வரிசையில்கூட உட்கார வைக்கத் தயங்கும் நாவல். அதைக் கேட்டுத்தான் சங்கீதம் எழுதுவது என்று அந்தப் பையன் தீர்மானித்தான். நம்முடைய தொடர்கதைகளைக் கரித்துக் கொட்டுகிறவர்கள் சற்றே நிதானிக்கலாம்.

அயோவா மாநிலத்துப் பார்வையற்றோர் பள்ளியில் வயலின், பியானோ, ஆர்கன் முதலியவற்றைப் பயின்றார். 1943-ல் நியூயார்க்குக்கு வந்தார். அங்கே ஃபில்ஹார்மானிக் கோஷ்டியின் தலைவர் ரோட்ஜின்ஸ்கி, ஒத்திகைகளுக்கு வந்து உட்கார அவரை அனுமதித்தார். பள்ளிக்கூடம் கொடுத்தது இலக்கணம். இந்த ஒத்திகைகள் கொடுத்தது கேள்வி ஞானம்.

அவர் வாசித்த கொட்டு, அவரே கற்பித்துக்கொண்டது. ‘டிரிம்பா’ என்று பெயர். முக்கோண மரப்பெட்டிகளைச் சேர்த்துத் தோல் கட்டியது. ஒரு கையில் குச்சி, மறு கையில் கிலுகிலுப்பை. மேற்கத்தியக் காதுக்கு நாலு எண்ணிக்கை பழக்கம்; இவரோ ஐந்திலும் ஏழிலும் நடந்தார். பாம்பு நெளிவது போன்ற காலம் என்று அதற்குப் பெயரும் வைத்தார். கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் கேட்டு வளர்ந்த நமக்கு நெளிவு ஒன்றும் தெரியாது. தகதகிட, தகதகிட என்று தொடையில் தட்டிக்கொண்டே உடன் போகலாம். ஆனால் நம் மிருதங்கக்காரரிடம் எதிர்பார்ப்பதை இவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. கோர்வை இல்லை, தனி ஆவர்த்தனம் இல்லை. ஒரே நடை, மாறாமல், ஆள் நடந்து போவது மாதிரி. அந்த நடையின் மேல் ராகங்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஏறுகின்றன.

ஏறும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் ஒரு வரியை ஆரம்பிக்கிறார், அவர் முடிக்குமுன் இன்னொருவர் அதே வரியைத் தொடங்குகிறார், பிறகு மூன்றாமவர். கேனன் என்பார்கள். பாக் காலத்துக் கட்டுப்பாடு. நவீனர்கள் கைவிட்ட இந்த முறையை மூன்டாக் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டதைக் கிழவரின் கிறுக்கு என்று தள்ளிவிடுவது சுலபம். அவர் எழுதியது பிரெயில் புள்ளிகளில். கண்ணுள்ளவன் இருபது வாத்தியங்களின் வரிகளை ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாகப் பார்த்துவிடுவான். விரலுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு சமயத்தில் ஒரு வரி. மற்றவற்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கேனனில் நினைவில் வைக்கவேண்டிய வரி ஒன்றே ஒன்று. அவருடைய பார்வையின்மை சங்கீதத்தில் இருக்கிறதென்றால், இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதை ஈட்டியிலும் தாடியிலும் தேடினார்கள்.

குறைகளும் உண்டு. 1971-ல் மகள் ஜூனோடு சேர்ந்து பாடி வெளியிட்ட தட்டில், பாட்டுக்கு அவரே எழுதிய ஈரடிகள், நாட்காட்டித் தாளின் அடியில் அச்சிடும் பொன்மொழி ரகம். நாலைந்து கேட்பதற்குள் அலுக்கிறது. 1969-ல் கொலம்பியா கம்பெனி பெரிய கோஷ்டியை வைத்து வெளியிட்ட தட்டுக்குத்தான் பெயர் அதிகம். அதில் சார்லி பார்க்கரை நினைத்து எழுதிய ‘பேர்ட்ஸ் லமென்ட்’, இரண்டு நிமிஷத்துச் சிறிய உருப்படி, அருமையானது. இருந்தும் எனக்கு 1956-ல் வந்த பிரெஸ்டிஜ் தட்டுகளே உயர்வு. டிரிம்பா பக்கத்தில் கேட்கிறது. ஒரு தாலாட்டில் மனைவி சுஸுகோ பாட, குழந்தை அழுவதும் பதிவாகியிருக்கிறது. அழுகையும் தாளத்தில் விழுகிற மாதிரி ஒரு பிரமை.

சிஷ்ய பரம்பரை என்று நம் அர்த்தத்தில் பெரிதாக இல்லை. அறுபதுகளின் இறுதியில் ஃபிலிப் கிளாஸ் வீட்டில் சுமார் ஓராண்டு தங்கியிருந்தார். கிளாஸும் ஸ்டீவ் ரைக்கும், அப்போது பெயரில்லாத இளைஞர்கள், அவரோடு உட்கார்ந்து அவருடைய உருப்படிகளை வாசித்தார்கள். மாறாத நடையின் மேல் சிறிது சிறிதாக மாறும் சங்கீதத்துக்குப் பிறகு இவர்கள்தான் உலகப் புகழ் தேடிக்கொடுத்தார்கள். டிரிம்பாவை முறையாகக் கற்றுக்கொண்டவர் ஸ்டெஃபன் லகாடோஸ் என்ற சுவீடன்காரர்.

1974-ல் மூன்டாக் ஜெர்மனிக்குப் போனார். சிறு வயதில் கேட்ட நாவலின் தேசம். 1999-ல் அங்கேயே காலமானார். அந்தக் கடைசிக் காலத்தில் இலோனா என்ற பெண்மணி அவருக்கு வீடு கொடுத்து, தெருக்கோலத்தை மாற்றி, அவருடைய புள்ளிகளைக் கண்ணுள்ளவர் வாசிக்கும் ஸ்வரக் குறிகளாக எழுதிக் கொடுத்தாள். அந்தப் பிரதிகள் இல்லாவிட்டால் கோஷ்டிகள் எதை வாசித்திருக்கும்?

1989-ல் புரூக்ளினில் ஒரு கச்சேரிக்காக நியூயார்க் திரும்பினார். கோஷ்டியை நடத்தும் பொறுப்பு அவருடையது. மேடை நடுவில் ஏறி நின்று கோலை வீசவில்லை. ஓரமாக உட்கார்ந்து முரசைத் தட்டினார். கண்ணுள்ள வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு வாசித்தார்கள்.